மிஞ்சிய இரண்டு வளையங்கள்

சோலையப்பன் செத்து நாற்பது நாள் ஆகியும் ஆத்மநாதனால் கரும்பலகையில் ஒரு முழு வட்டம் போட முடியவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பதினாறு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மனிதர். கண்ணைக் கட்டிவிட்டாலும் கவராயம் வைத்துப் போட்ட மாதிரி வட்டம் போடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இப்போது பாதி வட்டத்தில் சாக்பீஸ் நின்றுவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் யாரோ நின்றுகொண்டு தன் கையையே பார்ப்பது போல இருக்கிறது. திரும்பிப் பார்ப்பார். பெஞ்சுகளில் பையன்கள் இருப்பார்கள், சன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருக்கும், வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

"சார், மிச்ச வட்டம்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"நீங்களே போட்டுக்கங்கப்பா" என்றார். வகுப்பு சிரித்தது. ஆத்மநாதனுக்குப் பயமாக இருந்தது.

சோலையப்பன் திருமயத்தில் பள்ளிக்கூட வாத்தியார். முப்பத்து மூன்று வயது. சென்னையில் எம்.ஏ. முடித்தவன், மேலே படிக்கக் குடும்பம் இடம் கொடுக்காததால் ஊருக்கு வந்து எட்டாம் வகுப்புக்குப் பின்னக்கணக்கு நடத்திக்கொண்டிருந்தான். ஆனால் அவன் தலைக்குள் ஓடிய கணக்கே வேறு. அதைப் பேசுவதற்கு இந்தச் சீமையிலேயே அவனுக்குக் கிடைத்த ஒரே ஆள் ஆத்மநாதன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆத்மநாதன் ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்துத் திருமயம் போய்விடுவார். கோட்டைப் பாறை நிழலில் இருவரும் குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் அவர்களைப் புதையல் தேடுகிறவர்கள் என்று நினைத்தார்கள்.

கணக்கு என்றதும் யாரும் மிரள வேண்டாம். இது மாடி ஏறுகிற கணக்குத்தான். கலப்பெண்களை வைத்து எழுதுகிற சமன்பாடுகள் ஒவ்வொன்றும் ஒரு வெளியை உண்டாக்குகின்றன. அந்த வெளிக்கு மேலே, அச்சு அசலாக அதே மாதிரி, இரண்டு மூன்று மாடிகள் கட்டலாம். கவரிங் ஸ்பேஸ் என்று புத்தகத்தில் பெயர். வேடிக்கை என்னவென்றால், இந்த மாடிகளுக்குப் படிக்கட்டு கிடையாது. கீழே சில புள்ளிகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நடந்தால் போதும். கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், ஆனால் நிற்பது அடுத்த மாடியில். மூன்று மாடி என்றால் மூன்றாவது சுற்றில்தான் பழைய மாடிக்கு வரலாம்.

இந்த மாடிகளுக்குள் ஒரு கயிற்று வளையத்தைப் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். சில வளையங்கள் சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும். சில எதிலோ மாட்டிக்கொண்டு நிற்கும். மாட்டி நிற்பவை எத்தனை என்று எண்ணுவதற்குத்தான் ஹோமாலஜி என்று பெயர். அதைச் சுலபமாக எண்ண சோலையப்பன் ஒரு வழி கண்டுபிடித்தான். எத்தனை மாடி கட்டினாலும் செல்லும், வளைகோடு, பரப்பு, அதற்கும் மேலே உள்ள வெளி எல்லாவற்றுக்கும் செல்லும் என்று சொன்னான். ஐம்பது பக்கம் எழுதி, 1959 ஆனி மாதம் ஒரு நோட்டை ஆத்மநாதன் கையில் கொடுத்தான்.

"நீங்க சரின்னு சொன்னாத்தான் சார் பம்பாய்க்கு அனுப்புவேன்" என்றான். கணிதச் சஞ்சிகை அங்கிருந்துதான் வந்தது.

எட்டு நாள் கழித்து ஆத்மநாதன் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் சூத்திரமும் ஓர் எடுத்துக்காட்டும் இருந்தன. ஒரு தளம், அதில் மூன்று புள்ளிகள், மேலே மூன்று மாடிகள். சோலையப்பனின் சூத்திரப்படி மாட்டி நிற்கும் வளையங்கள் இரண்டு. அதற்குக் கீழே ஆத்மநாதன் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘பிழை. நான்கு வர வேண்டும். இரண்டு வளையங்கள் விடுபட்டுள்ளன.’

அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. முதலில் இரண்டு மாடிக்குப் போட்டுப் பார்த்தார். சூத்திரமும் அவர் கணக்கும் அப்படியே பொருந்தின. மூன்று மாடிக்குப் போனதும் உதைத்தது. அப்படியானால் தன் முறை சரி, சூத்திரம்தான் தப்பு. இதற்குமேல் என்ன வேண்டும்?

சோலையப்பன் அந்தச் சிவப்பு எழுத்தை வெகுநேரம் பார்த்தான். பக்கத்தில் ஆத்மநாதன் போட்டிருந்த மூன்று வட்டங்களையும் பார்த்தான். அப்புறம் லேசாகச் சிரித்தான்.

"சரி சார். நேரம் கெடைக்கும்போது இன்னொரு வாட்டி பாருங்க" என்றான்.

"அதெல்லாம் பாத்தாச்சு தம்பி" என்றார் ஆத்மநாதன், கொஞ்சம் சுருக்கென்று.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வாரமே திருச்சியில் கல்லூரி வாத்தியார்கள் கூடிய ஒரு கூட்டத்தில், ‘எங்கள் பக்கத்தில் ஒரு கெட்டிக்காரப் பையன், ஐம்பது பக்கம் தப்பாக எழுதி அச்சுக்கு அனுப்ப இருந்தான், நான்தான் தடுத்துக் காப்பாற்றினேன்’ என்று பேசிவிட்டு வந்தார். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் திருமயம் என்று சொன்னார், பள்ளிக்கூட வாத்தியார் என்று சொன்னார், அப்புறம் பெயர் எதற்கு? கைதட்டினார்கள். அதைச் சோலையப்பனிடமே வந்து சந்தோஷமாகச் சொன்னார்.

ஆடியிலிருந்து அவர் திருமயம் போவதை நிறுத்திக்கொண்டார். கோபம் ஒன்றும் இல்லை. தன் முகத்தைப் பார்க்கச் சோலைக்குக் கூச்சமாக இருக்கும், கொஞ்ச நாள் ஆறட்டும் என்று நினைத்தார். இதைப் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்து விடைத்தாள் திருத்தினார்.

பங்குனியில் சோலையப்பனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். தகவல் வந்து ஆத்மநாதன் ஓடியபோது கண்மாய்க்கரைச் சுடுகாட்டில் விறகு அடுக்கியாகிவிட்டது. பிள்ளை இல்லாதவன், தம்பிக்காரன்தான் கொள்ளிக்குடம் எடுத்தான். தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அண்ணனை இடப்பக்கமாக மூன்று தடவை சுற்றி வந்தான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆத்மநாதனுக்கு என்னவோ உறுத்தியது. அந்தச் சுற்றை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று பட்டது. எங்கே என்று தெரியவில்லை. தெரியாமலேயே வீட்டுக்கு வந்து தலை முழுகினார்.

அப்புறம்தான் இதெல்லாம் ஆரம்பித்தது.

காலையில் பல்லவன் குளத்தைச் சுற்றி நடப்பது அவர் வழக்கம். கரையிலேயே சிவன் கோயில் இருப்பதால் நடை ஒரு கணக்கு, வலம் வந்த புண்ணியம் ஒரு கணக்கு. பதினோராம் நாள் காலை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, எதிரே இருந்து ஒரு டயர் செருப்பு தேய்கிற சத்தம் வந்தது. சோலையப்பனுடைய இடது செருப்புக்கு வார் எப்போதும் தளர்ந்துதான் இருக்கும். நடந்தால் சரட், சரட் என்று இழுக்கும். அந்தச் சத்தம் எதிரே வந்தது, பக்கத்தில் வந்தது, தோளை உரசுகிற தூரத்தில் கடந்து பின்னால் போயிற்று. படியில் துணி துவைக்கிறவர்களைத் தவிர ஆள் இல்லை.

அன்றிலிருந்து தினமும். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை, வடமேற்கு முக்கில் ஒன்று, தென்கிழக்கு முக்கில் ஒன்று. ஒரே வேகத்தில் எதிரெதிராக நடக்கிற இரண்டு பேர் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் சந்திப்பார்கள். ஆவியாக இருந்தாலும் அவன் கணக்கில் தப்பவில்லை. அதுதான் ஆத்மநாதனை அதிகம் கலக்கியது. வெறும் பிரமை இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போடுமா?

அவர் மனைவி பிரகதாம்பாள் திருநீறு மந்திரித்து வாங்கிவந்து பூசினாள். "கொளத்துப் பக்கம் போகாதீங்களேன், ரோட்டுப் பக்கமா நடங்க" என்றாள். அவர் கேட்கவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. அவனை நான் கொன்றுவிட்டேன் என்று ஓர் எண்ணம் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. காமாலை ஒரு சாக்கு, சிவப்பு மையில் எழுதிய அந்த ஒரு வார்த்தையில்தான் பையன் மனசு விட்டுப்போய்ப் படுத்தான் என்று நினைத்தார். ஆனால் தப்பைத் தப்பு என்று சொல்லாமல் வேறு என்ன செய்வது? அந்த ஒரு நியாயத்தைத்தான் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாற்பதாம் நாள் சனிக்கிழமை. கல்லூரி விடுமுறை. குளத்துத் தென்கிழக்கு முக்கில் செருப்புச் சத்தம் எதிரே வந்தபோது ஆத்மநாதனுக்குப் பொறுமை போய்விட்டது. நின்றார்.

"என்னதான்டா வேணும் ஒனக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டார்.

சத்தம் அவரைக் கடந்தது. கடந்து போகட்டும் என்று விடாமல் இந்தத் தடவை அவரும் திரும்பினார். அது போகிற பக்கமே, இதுவரை நடந்த திசைக்கு எதிராக, வேகமாக நடந்தார். பத்து எட்டில் சத்தம் அவருக்குப் பக்கவாட்டில் வந்து சேர்ந்துகொண்டது. கோட்டையைச் சுற்றி நடக்கும்போது சோலையப்பன் எப்படி இடது தோளை ஒட்டி நடப்பானோ அப்படி. ஆச்சரியம், அவருக்குப் பயம் விட்டுப்போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது.

கோயில் வாசலில் பூ விற்கிற மருதாயி இதைப் பார்த்துவிட்டாள். இருபது வருஷமாக அவரிடம் பூ விற்கிறவள், உரிமையோடு கத்தினாள்.

"சார், சார்! என்ன சார் எடமாச் சுத்துறீங்க? கோயில் கொளத்த யாராச்சும் இப்படிச் சுத்துவாகளா? எழவுக்குத்தான் சார் அங்கிட்டுச் சுத்துவாக!"

ஆத்மநாதன் அப்படியே நின்றார்.

இடம். சுடுகாட்டில் தம்பிக்காரன் சுற்றியது இடம். சோலையப்பனின் நோட்டில் இருந்த வட்டங்களெல்லாம் இடம். உலகத்தில் எந்தக் கணக்குப் புத்தகத்தை எடுத்தாலும் புள்ளியைச் சுற்றுவது இடப்பக்கமாகத்தான், அதுதான் அங்கே நேர்த்திசை. இது ஆத்மநாதனுக்குத் தெரியாததா? பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் சோலையப்பன் முதல் இரண்டு புள்ளிக்கு மட்டும் வட்டம் போட்டுவிட்டு, மூன்றாவதும் இவ்வாறே என்று எழுதி விட்டிருந்தான். முதல் இரண்டையும் ஆத்மநாதன் பார்த்து எழுதினார். மூன்றாவதை அவராகப் போட்டார். பிறந்ததிலிருந்து சாமியை வலமாகவே சுற்றிப் பழகிய கை, தன் போக்கில் வலமாகப் போட்டுவிட்டது.

கல்லூரிக்கு ஓடினார். கண்ணுசாமி என்ற பியூனிடம் சாவி வாங்கி வகுப்பைத் திறந்து, கரும்பலகையில் மூன்று புள்ளி வைத்தார். சாக்பீஸை இடப்பக்கமாகத் திருப்பினார். நாற்பது நாளாக நின்றுபோயிருந்த கை வழுக்கிக்கொண்டு போனது. முதல் சுற்றில் ஒரு மாடி ஏற்றம். இரண்டாவதில் இன்னொரு மாடி. மூன்றாவதில் இன்னொன்று. மூன்று மாடி ஏறினால் புறப்பட்ட மாடி. ஒரு குறையும் இல்லை. மாட்டி நிற்கும் வளையங்களை எண்ணினார். இரண்டு.

வலமாகச் சுற்றினால் இறக்கம். ஆகவே அவர் போட்டிருந்தது ஏற்றம், ஏற்றம், இறக்கம். மூன்றையும் கூட்டினால் ஒரு மாடி மிஞ்சி உதைக்கும். அதை ஈடுகட்ட, எங்கேயோ தொலைவில் இல்லாத ஒரு நாலாவது புள்ளி முளைத்தது. இல்லாத புள்ளியைச் சுற்றி இல்லாத இரண்டு வளையங்கள் மாட்டி நின்றன. இரண்டு மாடியில் சரியாக வந்த மர்மமும் புரிந்துபோயிற்று. இரண்டே மாடி உள்ள வீட்டில் ஏறினாலும் இறங்கினாலும் போய்ச் சேர்வது அந்த இன்னொரு மாடிதானே. அங்கே திசை தப்பினால் தெரியாது.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஆத்மநாதன் குலுங்கிக் குலுங்கி அழுதார். கண்ணுசாமி எட்டிப் பார்த்துவிட்டு நமக்கு ஏன் வம்பு என்று போய்விட்டான்.

பதினொரு மணி பஸ்ஸில் திருமயம் போனார். வழியெல்லாம் ஒரே யோசனை. சோலையின் மனைவி செவந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். நோட்டை வாங்கி, அவன் பெயரிலேயே பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். தப்பு என்னுடையது என்று தன் கைப்படக் கடிதம் வைக்க வேண்டும். திருச்சிக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நினைக்க நினைக்க வயிற்றுக் கல் கரைந்தது. பரிகாரம் என்று ஒன்று இருக்கிறது என்ற தெம்பு அவருக்கு வந்தது.

செவந்தி முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் சேலையை இழுத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே. ஒக்காருங்க."

"ஒக்கார வரல தங்கச்சி. நான் தப்புப் பண்ணிட்டேன். சோலை கணக்கு சரி. தப்பு என்னோடது."

செவந்தி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "கண்டுபுடிச்சுட்டீங்களாண்ணே?" என்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. வெகுநேரம் நின்று பார்த்த பஸ் வந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதிதான் இருந்தது.

"ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு என்னண்ணே தெரியும்? அவுகளுக்குத் தெரியும். நீங்க நோட்டக் குடுத்துட்டுப் போன அன்னைக்கே தெரியும். ‘சாரு ஒரு எடத்துல மட்டும் கோயிலுக்குப் போற மாதிரி வலமாப் போயிட்டாரு’ன்னு சொல்லிச் சிரிச்சாக."

"அப்பறம் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நானும் கேட்டேன். நீங்க திருச்சியில பெரிய மனுசங்க முன்னாடி பேசிட்டீங்களாம்ல. இப்பப் போயி தப்பு சாரோடதுன்னா ஒங்களுக்குத் தலகுனிவாப் போகுமாம். ‘அவரே ஒருநா திரும்பப் போட்டுப் பாப்பாரு. அவராக் கண்டுபுடிச்சு வரட்டும், அனுப்பிக்கலாம்’னாக. ஞாயித்துக்கெழம ஆனா ஒங்களுக்கும் சேத்துத்தான் ஒல வைக்கச் சொல்லுவாக. ஒம்போது மணி பஸ்ஸு சத்தம் கேட்டா வாசலுக்குப் போயிட்டு வருவாக."

ஆடியிலிருந்து பங்குனி வரை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தான் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு பெருந்தன்மையாக இருந்ததை நினைத்தபோது ஆத்மநாதனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. சோலை மனசு உடைந்து செத்திருந்தால்கூடத் தாங்கலாம் போலிருந்தது.

"நோட்ட எடும்மா" என்றார். "திங்கக்கெழமையே பம்பாய்க்கு அனுப்பிடுறேன். அவன் பேருல. நானே லெட்டர் எழுதுறேன்."

"நோட்டு இல்லண்ணே."

"இல்லன்னா?"

"சீக்கு முத்திப்போன அந்தக் கடைசி வாரம், அடுப்புல போடச் சொல்லிட்டாக. நாந்தான் போட்டேன்." செவந்தி நிதானமாகத்தான் சொன்னாள். "செகப்பு மையில நீங்க எழுதுனது அதுல இருக்குல்ல. நாளப்பின்ன யாரு கையிலயாச்சும் சிக்குனா ஒங்களச் சிரிப்பாகளாம். அந்தத் தாள மட்டும் கிழிச்சா, ஏன் கிழிச்சதுன்னு கேப்பாகளாம். மாட்டேன்னு நான் அழுதேன். அதுக்கு, ‘நோட்டுப் போனாப் போகுது. சாரு எட்டு நாளு வச்சு வரிவரியாப் படிச்சவரு. அம்புட்டும் அவரு மண்டைக்குள்ள இருக்கு. தப்பு தெரிஞ்ச அன்னைக்கு அவரே ஒக்காந்து எழுதிருவாரு’ன்னு சொன்னாக. அதுக்கப்பறந்தான் போட்டேன்."

அவள் உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். கையில் ஒரு புது நோட்டும் பேனாவும் இருந்தன. நீங்கள் வந்தால் வேண்டுமே என்று கருமாதி முடிந்த வாரமே வாங்கிவைத்ததாகச் சொன்னாள். அவர் முன்னால் ஒரு பலகையை இழுத்துப்போட்டு அதன்மேல் நோட்டைத் திறந்து வைத்தாள்.

"எழுதுங்கண்ணே. நான் காப்பி போட்டுக் கொண்டாரேன்."

ஆத்மநாதன் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தார். எட்டு நாள் என்பது உண்மைதான். அதில் ஏழு நாள் நோட்டு அவர் மேசையில் விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. எட்டாம் நாள் காலையில் எடுத்தார். ஐம்பது பக்கத்தையும் படிக்க அலுப்பாக இருந்தது. கடைசிப் பக்கத்து எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம் என்று நேரே அங்கே போனார். அது தப்பாக வந்தது. எடுத்துக்காட்டே தப்பு என்றால் மற்றதைப் படிப்பானேன் என்று பேனாவில் சிவப்பு மை ஊற்றினார்.

"தங்கச்சி" என்றார்.

அடுப்பங்கரை வாசலில் செவந்தி திரும்பி நின்றாள்.

"நான் படிக்கல. கடைசிப் பக்கத்த மட்டுந்தான் பாத்தேன். மத்தது எதையும் நான் படிக்கல."

அவளுக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். சோலையப்பனின் கல்யாணப் போட்டோ கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் தலைக்கு மேலே தொங்கியது. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அப்ப, அவுக எழுதுனத ஒருத்தர்கூடப் படிக்கலையாண்ணே?"

"இல்லம்மா" என்றார் ஆத்மநாதன்.